யாரும் உடுக்காத நிறம்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பல் வைத்தியரின் வாசலுக்கும் தொலைபேசிக் கடைக்கும் நடுவே ஒரு ஸ்டூடியோ இருந்தது. அங்கே றஞ்சிதத்தின் வேலை ஆட்களை வெட்டுவது. அப்படித்தான் அவள் சொல்லிக்கொள்வாள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் "எங்க வேலை?" என்று கேட்டால், "ஆக்களை வெட்டி ஒட்டிறன்" என்பாள். 2007ஆம் ஆண்டில், கொழும்பில், ஒரு தமிழ்ப் பெண் பஸ்ஸுக்குள் இருந்து சொல்லக்கூடிய பேச்சா அது? கேட்டவர் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிடுவார். றஞ்சிதத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். சீட்டில் தாராளமாக இருந்து போக அந்த வாய் உதவியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெட்டுவதென்றால் கொம்பியூட்டரில். ஒரு பிள்ளை லண்டனில், ஒரு பிள்ளை சூரிச்சில், தாயும் தகப்பனும் வெள்ளவத்தையில் இரண்டறை அனெக்ஸில் என்று குடும்பங்கள் சிதறிக் கிடந்த காலம் அது. எல்லாரும் ஒரே நாளில் ஓரிடத்தில் கூடி நிற்க விசாவும் விடாது, யுத்தம் மூடிய பாதையும் விடாது. ஆனாலும் குடும்பப் படம் வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் தங்கள் படங்களை ஈமெயிலில் அனுப்புவார்கள். இங்கே இருப்பவர்களை ஸ்டூடியோ முதலாளி ஷிப்லி எடுப்பான். றஞ்சிதம் ஒவ்வொருவரையும் அவரவர் பின்னணியிலிருந்து வெட்டி எடுத்து, தோளோடு தோள் உரச வரிசையில் நிற்க வைத்து, பின்னால் ஒரு மாளிகைப் படிக்கட்டையோ பூந்தோட்டத்தையோ விரித்துவிடுவாள். பத்து வருடமாக ஒருவரையொருவர் காணாத அண்ணனும் தம்பியும் ஒரே படியில் நின்று சிரிப்பார்கள்.

அவள் கொக்குவில்காரி. தொண்ணூற்றைந்தில் ஊரோடு ஊராக இடம்பெயர்ந்து, அடுத்த வருடம் கொழும்புக்கு வந்து, ஒரு நொத்தாரிஸிடம் காணி உறுதி தட்டச்சுச் செய்துகொண்டிருந்தாள். நாற்பத்தொரு வயதில் என்ன நினைத்தாளோ, ஏ.எல். சோதனை எழுதிவிட்டு வந்த பிள்ளைகளுக்கு நடுவில் போயிருந்து படம் திருத்தும் வகுப்புப் படித்தாள். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "வந்த மாப்பிளையள் எல்லாருக்கும் சுருட்டைத் தலைமயிர்" என்றாள். அது பகிடிதான், ஆனால் சுருட்டை மயிர்க்காரரை அவளுக்குப் பிடிக்காது என்பது உண்மை. ஒரு சுருட்டைத் தலையைச் சுற்றி மவுஸைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுருளாக வெட்டி வருவதற்குள் மணிக்கட்டு வீங்கிவிடும். காலையில் காலி வீதியால் நடக்கும்போதுகூட எதிரே வருபவர்களின் முகத்தை அவள் பார்ப்பதில்லை, ஓரத்தைத்தான் பார்ப்பாள். வழுக்கைத் தலைக்காரரைக் கண்டால் அவளுக்கு அப்படி ஒரு அன்பு.

அவளுடைய தீராத சண்டை பின்னணிகளோடுதான். லண்டன்காரர் கிறிஸ்மஸ் மரத்துக்கு முன்னால் நிற்பார்கள், மரத்தின் ஊசி இலைகள் காதுக்குள்ளால் வரும். கனடாக்காரர் வாங்கிய புதுக் காரில் சாய்ந்து நிற்பார்கள், காரை எடுத்தால் ஆள் விழுந்துவிடுவது போலத் தெரியும். "வெறுஞ் சுவருக்கு முன்னுக்கு நில்லுங்கோ, ஒண்டிலயும் சாயாதையுங்கோ, உங்கட காரை நாங்கள் பிறகு பாக்கிறம்" என்று அவளே ஒரு கடிதம் தட்டச்சுச் செய்து எல்லாருக்கும் அனுப்புவாள்.

வெளிநாட்டுக்காரர்தான் அப்படியென்றால், ஸ்டூடியோவுக்குள்ளும் நிம்மதி இல்லை. ஷிப்லி முதலில் வெள்ளைத் துணிதான் தொங்கவிட்டிருந்தான். எங்கள் ஆட்களை வெள்ளைக்கு முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும்? ஒரு நாள் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் பட்டு வேட்டி கட்டி வந்து கம்பீரமாக நின்றார். றஞ்சிதம் 'மெஜிக் வாண்ட்' என்ற கருவியால் துணியை ஒரு தட்டுத் தட்டினாள். துணி போனது, அதோடு வேட்டியும் போனது. இடுப்புக்கு மேலே அதிபர், கீழே இரண்டு செருப்பு, நடுவில் ஒன்றும் இல்லை. அவருடைய மனைவியின் கொண்டையிலிருந்த மல்லிகைப்பூவும், நெற்றியில் வாரியிருந்த நரைமயிரும், அப்பியிருந்த பவுடரில் பாதிக் கன்னமும் கூடவே போய்விட்டன. பெரிய மனிதரை அந்தக் கோலத்தில் பார்த்த றஞ்சிதம் வயிறு நோகச் சிரித்துவிட்டு, பிறகு இரண்டு நாள் இருந்து வேட்டியை மடிப்பு மடிப்பாக மீட்டெடுத்தாள்.

"றஞ்சி மிஸ், உலகம் முழுக்க பச்சத் துணிதான் போடுறாங்களாம். நெட்ல போட்டீக்கி" என்றான் ஷிப்லி. மாளிகாவத்தை ஃபிளாட்டில் வளர்ந்த முப்பத்திரண்டு வயதுக்காரன். அவளை மிஸ் என்றுதான் கூப்பிடுவான், அவளிடம் கொஞ்சம் பயமும் உண்டு.

"உலகம் முழுக்க உள்ளவை கலியாணத்தில கூறை மாத்திக் கட்டப் பச்சைப் பட்டு வாங்கிறவையோ? இங்க வாற பத்துப் பொம்பிளையளில நாலு பேர் பச்சை. துணியைத் தட்ட நாலு பேர் காணாமல் போவினம்."

"அப்ப நீலம்?"

"மற்ற ஆறு பேர்."

சிவப்பு ஆகாது, பொட்டும் கூறையும் அந்த நிறம். மஞ்சள் ஆகாது, தாலிக்கொடியும் காப்பும் நகை முழுவதும் அந்த நிறம். கறுப்பு ஆகாது, தலைமயிர். அப்போதுதான் றஞ்சிதத்துக்கு அந்த வெறி பிடித்தது: கொழும்பில் எந்தத் தமிழ்ப் பெண்ணும் உடுக்காத நிறம் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்குப் போய்ச் சாமியைப் பாராமல் சேலைகளைப் பார்த்தாள். கண்ட நிறங்களைக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். மாம்பழ நிறம், கத்தரிப்பூ நிறம், வெங்காயத் தோல் நிறம், மயில் கழுத்து, புகை நிறம் என்று தாள் நிரம்பியதே தவிர, விடுபட்ட நிறம் ஒன்று கிடைக்கவில்லை. எங்கள் பெண்கள் எதைத்தான் விட்டுவைத்தார்கள்!

கடைசியில் ஒரு சனிக்கிழமை, புறக்கோட்டைத் துணிக்கடைத் தெருவில் பௌஸி நானாவின் கடைக்குப் போய் நின்றாள். மெலிந்து உயர்ந்த மனிதர், கழுத்தில் அளவு நாடா தொங்கும்.

"நானா, உங்கட கடையில விக்கவே விக்காத நிறம் எது?" என்று கேட்டாள்.

பௌஸி நானா இருபத்தைந்து வருட வியாபாரத்தில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய், தூசி பறக்க ஒரு துணிக்கட்டைத் தூக்கி வந்து மேசையில் போட்டார்.

"மயில் நீலம் ஓடர் பண்ணினேன், மில்காரன் இந்த முஸீபத்த, இந்தத் தொல்லைய அனுப்பிட்டான். கட்டுத் துணியும் இதே கலர், சாரியும் இதே கலர். நாலு வருஷமா கெடக்குது. யார் கிட்ட காட்டினாலும், 'ஐயோ நானா, இது ஒப்பரேஷன் தியேட்டர் கலர்'னு செல்லிட்டு ஓடுறாங்க."

உண்மைதான். ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை அறைக்குள் டொக்டர்மார் உடுக்கும் அதே பச்சை. பச்சை என்றும் சொல்ல முடியாது, நீலம் என்றும் சொல்ல முடியாது. மினுக்கம் இல்லை. றஞ்சிதம் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். தோலின் நிறத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆஸ்பத்திரியை உடம்பில் சுற்றிக்கொண்டு எவள் படம் எடுக்க வருவாள்? அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது.

"ஒருத்தருமே வாங்கேல்லையோ?" என்று மட்டும் உறுதிப்படுத்திக் கேட்டாள்.

"ஒரே ஒரு ஆள். போன வருஷம். யாழ்ப்பாணத்துப் பொடியன், கண்ணாடி போட்டவன். இந்தக் கலர் தேடி மூணு நாளா தெரு முழுக்க அலஞ்சானாம். சாரிய கண்டதும் தங்கம் கண்ட மாதிரி புடிச்சிக்கிட்டான். உம்மாவுக்காம். நான் செல்லிப் பார்த்தேன், 'தம்பி, உம்மாக்கு இது வாணாம், ஏசுவாங்க'ன்னு. சிரிச்சிக்கிட்டே வாங்கிட்டுப் போனான்."

"பாவம் தாய்" என்றாள் றஞ்சிதம். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

எட்டு யார் துணியைப் பொட்டலமாகக் கட்டி அவள் பஸ் ஏறினாள். காவலரணில் எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரப் பொடியன் அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்தான், பிறந்த இடத்தைப் பார்த்தான், பிறகு பொட்டலத்தைப் பிரித்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்த பெண் ஒருத்தியின் கையில் எட்டு யார் பச்சைத் துணி. யாருக்கு யூனிஃபோம் தைக்க என்று அவன் கண்ணிலேயே கேள்வி ஓடியது. ஆனாலும் றஞ்சிதத்தின் வாய் நிற்குமா?

"இஸ்பிரிதாலே பாட்ட, மல்லி" என்றாள். ஆஸ்பத்திரி நிறமடா தம்பி என்று அர்த்தம்.

அவன் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "எத்த, எத்த", மெய்தான், என்று சிரித்துவிட்டு, அவளே மடிப்பதற்குள் தானே மடித்துக் கொடுத்தான். இந்த நிறத்தில் எந்தப் படையும் சண்டைக்குப் போகாது என்பது அவனுக்கே விளங்கிவிட்டது.

அந்தத் துணி தொங்கிய நாளிலிருந்து றஞ்சிதம் ராணி. ஐந்து மாதத்தில் நாற்பது குடும்பத்துக்கு மேல் வெட்டினாள். ஒரு தட்டு, துணி போய்விடும், ஆள் அப்படியே மயிர் பிசகாமல் நிற்பார். வேட்டி நின்றது, மல்லிகை நின்றது, தாலிக்கொடி நின்றது. மற்ற ஸ்டூடியோக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். "என்ன நிறம் மிஸ் இது?" என்று கேட்டால், "யாரும் உடுக்காத நிறம்" என்பாள், என்னவோ தானே சாயம் காய்ச்சியது போல.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை சரோஜினிதேவி அம்மா வந்தார். அறுபத்தாறு வயதிருக்கும். கூட அவருடைய கணவர் சண்முகலிங்கம், ஓய்வுபெற்ற தபால் அதிபர். காது சரியாகக் கேளாததால் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மகள் ஜெகாவுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவில் கலியாணம். இவர்களுக்கு விசா கிடைக்கவில்லை. மண்டப வாசலில் ஆளுயரத்துக்குக் குடும்பப் படம் ஒன்று வைக்க வேண்டும் என்று மகள் கேட்டிருந்தாள். லண்டன் மகனும் சூரிச் மகனும் படம் அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அங்கே பெரிதாக்கிச் சட்டம் போட முடியும். பின்னணிக்குச் சிவப்புத் திரையும் வெள்ளைப் படிக்கட்டும் வைக்கும்படி மகள் எழுதியிருந்தாள்.

"மூண்டு பிள்ளையளோ உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டே றஞ்சிதம் எழுதினாள்.

"நாலு" என்றார் அம்மா. "கடைசி பாலன். சிவபாலன். கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிக்கிறான். போன வருசம் ஆடியில எனக்கு ஒப்பரேஷன் எண்டு லீவு போட்டு வந்து நிண்டவன். திரும்பிப் போய் ரண்டு கிழமையில சண்டை தொடங்கி வன்னிப் பாதையைப் பூட்டிப்போட்டாங்கள். ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒண்டும் இல்லை."

"அவற்ர படம் ஒண்டு தாங்கோ, நான் சேர்த்துவிடுறன்."

அம்மா கைப்பையிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்தார். ஏழு வயதுப் பையன், கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறான். மற்றவை எல்லாம் ஊர் வீட்டோடு போய்விட்டன. வளர்ந்த பிறகு படம் என்றால் ஓடி ஒளிகிற பிள்ளையாம்.

"இதை வெட்டி ஒட்டலாமோ எண்டு இவர் கேட்டவர். நான் மாட்டன் எண்டிட்டன்" என்றார் அம்மா. "உயிரோட இருக்கிற பிள்ளையின்ர பழைய படத்தை வெட்டி ஒட்டினால் செத்தவைக்கு அடிக்கிற அந்திரட்டிக் கார்டு மாதிரி இருக்கும், பிள்ளை. எனக்கு அது வேண்டாம். அவன் வாங்கித் தந்த சீலை ஒண்டு இருக்கு, அதை உடுத்துக்கொண்டு வாறன். அது படத்தில வடிவா விழவேணும். அவ்வளவுதான் எனக்கு. அக்காவின்ர கலியாண மண்டபத்தில அவன்ர எண்டு சொல்ல அந்தச் சீலை மட்டும்தான்."

றஞ்சிதம் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கதைத்தாள். "ஒரு நூல் பிசகாமல் விழும், அம்மா. அதுக்கு நான் பொறுப்பு."

புதன்கிழமை அவர்கள் படம் எடுக்க வந்த நேரம் றஞ்சிதம் ஸ்டூடியோவில் இல்லை. அவள் வாடகைக்கு இருந்த ஒழுங்கையில் விடியவே ஆமியின் சுற்றிவளைப்பு. வீட்டிலுள்ளவர்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி, பொலிஸ் பதிவுத் தாளைப் பார்த்து, யார் எதற்குக் கொழும்பில் நிற்கிறீர்கள் என்று கேட்டு முடிக்கப் பதினொரு மணி ஆகிவிட்டது. அவள் வெயிலில் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர, ஷிப்லி இருவரையும் எடுத்து அனுப்பிவிட்டிருந்தான்.

"அந்த அம்மா நல்லா விழுந்தாங்க மிஸ்" என்றான். "உள்ள வந்து துணிய கண்டதும் ஒரு மாதிரி ஆயிட்டாங்க. கிட்டப் போய் தொட்டுப் பார்த்தாங்க. அப்பறம் கதிரைல உக்காந்து, நான் ரெடி செல்ல முந்தியே சிரிச்சாங்க. ஒரே ஷொட்தான்."

றஞ்சிதம் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து, படத்தைச் சரியாகப் பார்க்காமலே, பழகிய கை பழகியபடி, துணியை ஒரு தட்டுத் தட்டினாள்.

சண்முகலிங்கம் அப்படியே நின்றார். அவருக்குப் பக்கத்தில், அழிந்த இடத்தைக் காட்டும் வெள்ளையும் சாம்பலுமான கட்டங்களுக்கு நடுவில், அம்மாவின் முகம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. கீழே மடியில் கோர்த்திருந்த இரண்டு கைகள். தோளிலிருந்து காலுக்கு இறங்கும் மெல்லிய வெள்ளிக்கரை இரண்டு கோடு. வேறு ஒன்றுமே இல்லை.

றஞ்சிதம் அவசரமாக அழித்ததை மீட்டாள். துணி வந்தது, அம்மாவும் வந்தார். துணியும் சேலையும் ஒரே நிறம். ஒரே சாயம், ஒரே கட்டு. அம்மாவின் தோள் எங்கே முடிகிறது, சுவர்த் துணி எங்கே தொடங்குகிறது என்று கண்ணை இடுக்கிப் பார்த்தாலும் தெரியவில்லை. கண்ணாடி போட்ட யாழ்ப்பாணத்துப் பொடியன். மூன்று நாள் தெருத் தெருவாக அலைந்தவன். பௌஸி நானாவின் கடையில் நின்று தான் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. தன் வாயில் தானே ஒன்று போடலாம் போல் இருந்தது அவளுக்கு.

"யா அல்லாஹ்" என்றான் பின்னால் வந்து நின்ற ஷிப்லி. "நான் கவனிக்கல்லயே மிஸ்! இப்ப என்ன செய்ற? நம்ம கிட்ட காஞ்சிபுரம் சாரி உடுத்த ஒடம்பு ஒண்டு ஈக்கிதானே, முகத்த மட்டும் எடுத்து அதுல வைப்பமா?"

அப்படிச் செய்வதுண்டு. கடன் வாங்கிய உடம்பில் தலை வைத்த மாமிகள் ஐரோப்பா முழுவதும் சுவரில் தொங்குகிறார்கள். றஞ்சிதம் திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான்.

"அப்ப வெள்ளத் துணி போட்டுத் திருப்பி எடுப்பம். நாளைக்கு வரச் செல்லுங்க."

அது நியாயமான வழிதான். அவள் தொலைபேசியைக் கையில் எடுத்தும்விட்டாள். பிறகு படத்தை மறுபடி பார்த்தாள். நாற்பது குடும்பத்துத் தாய்மாரை வெட்டியவள் அவள். படத்துக்கு இருக்கும் தாய்மார் எல்லாரும் முன்னால் கொஞ்சம் குனிந்து, கமராவுக்குப் பயந்து, கையைப் பிசைந்துகொண்டு இருப்பார்கள். சரோஜினிதேவி அம்மா பின்னால் சாய்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் வளர்ந்த பிள்ளை ஒன்று வந்து நிற்கும்போது ஒரு தாய் சாய்வாளே, அந்தச் சாய்வு. முகத்திலும் அந்தச் சிரிப்புத்தான். வெள்ளைத் துணிக்கு முன்னால் நாளைக்கு இருத்தினால் சேலை விழும், இந்தச் சிரிப்பு விழாது. றஞ்சிதம் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே வந்து இருந்தாள். இத்தனை நாளும் அழித்துக்கொண்டிருந்த துணியை அன்று அழிக்காமல் விட்டாள். அது மட்டும் இல்லை, அதைப் பெருப்பித்தாள். இடப்பக்கம் நான்கு மடங்கு, வலப்பக்கம் நான்கு மடங்கு, அதே பச்சையை, அதே மடிப்போடு, படம் முழுவதற்கும் விரித்தாள். லண்டன் மகனை அவன் சமையலறைச் சுவரிலிருந்து வெட்டிக் கொண்டுவந்து தகப்பனுக்குப் பக்கத்தில் விட்டாள். ஜெகாவைத் தாயின் தோளருகில் நிறுத்தினாள். சூரிச் மகனுக்குப் பாழாய்ப்போன சுருட்டைத் தலை. கடிதத்தில் எத்தனை தரம் எழுதியும் பூப்போட்ட திரைச்சீலைக்கு முன்னால் நின்றிருந்தான். "உன்னைப் பெத்த மனுசிக்காகப் பாக்கிறன்" என்று அவனோடு வாய்விட்டுக் கதைத்துக்கொண்டே சுருள் சுருளாக வெட்டினாள். அம்மாவின் தோளோரத்தில் மட்டும் நூலளவு நிழல் வைத்தாள், சேலை ஒன்று இருக்கிறது என்று தெரிய. அதற்குமேல் பிரிக்கவில்லை. பின்னேரம் ஐந்து மணிக்குப் படத்தைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டு நிமிர, கழுத்து திரும்பவில்லை.

அனுப்பிய பிறகுதான் பயம் பிடித்தது. மகள் கேட்டது சிவப்புத் திரையும் படிக்கட்டும். மணவறைக்குப் போகிற பெண்ணுக்கு ஆஸ்பத்திரிப் பச்சையை அனுப்பியிருக்கிறாள். யாரைக் கேட்டுச் செய்தாள்? தாயைக்கூடக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் இருவரும் படம் பார்க்க வந்தார்கள். றஞ்சிதம் கதிரைகளை இழுத்துப் போட்டாள். அம்மா அன்றைக்கும் நல்ல சந்தோசமாகத்தான் இருந்தார்.

"உங்கட துணியைப் பாத்தனான் பிள்ளை" என்றார். "களுபோவிலை ஆஸ்பத்திரியில ஒப்பரேஷன் முடிஞ்சு கண் முழிக்கேக்க இந்த நிறம்தான் முதல் தெரிஞ்சது. நான் மயக்கத்தில, 'என்ன வடிவான பச்சை' எண்டு சொன்னனாம். அவன் பக்கத்தில நிண்டு கேட்டுப்போட்டு, மெய்யெண்டு நம்பி, எங்கேயோ போய்த் தேடிச் சீலையா வாங்கிக்கொண்டு வந்திட்டான், மடையன். இந்த நிறத்தை ஆர் உடுப்பினம்? புதன்கிழமை வரைக்கும் நான் ஒரு நாளும் வெளியில உடுத்தது இல்லை. அவன்ர முகத்துக்காக வீட்டுக்குள்ள ஒருக்கால் உடுத்துக் காட்டினனான்."

றஞ்சிதம் படத்தைத் திரையில் திறந்தாள். அம்மா வாயைத் திறக்கும் முன்பே சண்முகலிங்கத்தின் சட்டைப் பையிலிருந்த கைத்தொலைபேசி அடித்தது. கனடா. அவருக்குக் கேளாது என்பதால் எப்போதும் சத்தத்தைக் கூட்டித்தான் வைத்திருப்பார். அம்மா வாங்கிக் காதில் வைத்தாலும் ஜெகாவின் குரல் அறை முழுவதும் கேட்டது.

"அம்மா, படம் வந்தது. எல்லாரும் வடிவா நிக்கிறம். ஆனா பின்னுக்கு என்னம்மா அது? நான் படி வைக்கச் சொல்லியெல்லோ எழுதினனான்? ஆஸ்பத்திரி மாதிரி ஒரு கண்றாவிப் பச்சை, படம் முழுக்க! உங்கட சீலையே தெரியேல்ல. அந்தப் பொம்பிளை ஏன் இப்பிடிச் செய்து வச்சிருக்கிறா?"

அந்தப் பொம்பிளை தலையைக் குனிந்துகொண்டு விசைப்பலகையைப் பார்த்தாள். உங்களுக்காகத்தான் செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இன்னும் நேரம் இருக்கிறது, இப்போதே இருந்து படிக்கட்டு வைத்து அனுப்பிவிடலாம் என்று மனதுக்குள் மணிக்கணக்குப் பார்த்தாள்.

சரோஜினிதேவி அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பிள்ளையாகக் கண் போனது. லண்டன், சூரிச், ரொறன்ரோ. பிறகு அவர்களுக்குப் பின்னால், மூன்று பேரின் முதுகையும் தோளையும் சுற்றி, தகப்பனின் நரைத்த தலைக்கு மேலால், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரைக்கும் போனது. கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை.

"அம்மா? கேக்குதோ? ஆர் அப்பிடிச் செய்யச் சொன்னது?"

"பின்னுக்குத் தம்பி நிக்கிறான், பிள்ளை" என்றார் அம்மா. "என்ர சீலையைப் பார். அவன் வாங்கித் தந்தது. அதே நிறம்தான். உங்கள் எல்லாருக்கும் பின்னுக்கு அவன்தான் நிக்கிறான்."

இணைப்புப் போய்விட்டது என்று நினைத்து சண்முகலிங்கம் கையை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. தொலைபேசியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒன்று வந்தது. பிறகுதான் ஜெகாவின் குரல் வந்தது, இப்போது சின்னப் பிள்ளையின் குரல் போல.

"சட்டம் போடுறவன் சுத்திவர ஆறு அங்குலம் வெட்டவேணும் எண்டு சொன்னவன், அம்மா. நான் உடன போறன். ஒரு இடமும் வெட்ட விடமாட்டன்."